மிளகுக் காலத்தில் சாத்திய கதவு

என் மனைவியின் தம்பிக்குப் பெருங்குடலில் புண் இருப்பதாக நாமக்கல்லில் சொன்னது கார்த்திகையில், மழை ஓய்ந்து பனி தொடங்கிய வாரம். இது ஆயுளுக்கும் கூடவே வரும், மருந்தை விடாமல் எடுத்தால் இருப்பதே தெரியாது என்றார் டாக்டர்.

மச்சினருக்கு ஆயுளைப் பற்றிக் கவலையில்லை. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் மலைக்காரர்தான் என்றாலும் கடை வைத்திருப்பது அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில், மண்டபமும் அங்கேதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஒதுங்குகிற மனிதர், எழுபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி இறங்கியாக வேண்டும்.

"பொண்ணுக்குத் தாலி ஏறறப்ப அப்பங்காரன் புதருக்குள்ள இருந்தா நல்லாவா இருக்கும், மாமா?" என்றார்.

மாத்திரை வேலை செய்தது. மார்கழி பாதியில் மலத்தோடு போன ரத்தம் நின்றது. அதோடு மாத்திரையும் நின்றது.

"நாய் ஓடிப்போனப்புறம் கல்ல எதுக்குங்க கையில வச்சிக்கிட்டு நிக்கறது?" என்று என்னிடம் கேட்டார். தை பிறந்ததும் நாய் திரும்பி வந்தது. டாக்டரிடமும் அதே நியாயத்தைச் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நாய் எங்கயும் ஓடலீங்க. உங்க ஊட்டுக்குப் பின்னாடிதான் படுத்திருக்கு" என்றார். மாத்திரையோடு இன்னொரு மருந்தும் எழுதினார். மெழுகு போன்ற குளிகை. வாயில் போடுவதல்ல, அதற்கு எதிர்முனையில் வைப்பது. இரவில் ஒன்று, மத்தியானம் ஒன்று. வைத்தபின் அரை மணி நேரம் இடப்பக்கமாகப் படுத்திருக்க வேண்டும், எழுந்தால் வீண்.

நோயாளிகள் ஏன் மருந்தை விடுகிறார்கள் என்பது பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் நான் படித்திருக்கிறேன். மறதி, செலவு, பக்கவிளைவு, கூச்சம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். கதவு என்று யாரும் எழுதியதில்லை.

மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; தேவனூர் நாட்டில் மச்சினர் இருக்கும் ஊரில் நான்கு பங்காளி வீடுகள் ஒரே வாசலைப் பார்த்து நிற்கின்றன. பகலில் எந்தக் கதவும் சாத்துவதில்லை. மாசி, பங்குனியில் மிளகு காய்கிற நாட்களில் அது கட்டாயம். வியாபாரி வந்தால் பொது வாசலில் உட்கார்ந்து, எல்லோர் காதுபட விலை பேச வேண்டும். நால்வருக்கும் ஒரே விலை. அந்த நாட்களில் ஒருவன் மத்தியானம் கதவைச் சாத்தினால் அர்த்தம் ஒன்றுதான்: உள்ளே வியாபாரி இருக்கிறான், தனி விலை நடக்கிறது.

மச்சினர் கதவைச் சாத்திய மறுநாளே, பெரியப்பா மகனான மூத்த பங்காளி வந்து கதவருகே செருப்பு கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தாராம். இல்லாததால் சந்தேகம் வலுத்தது. செருப்பைக்கூட உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்களே. மச்சினர் மத்தியான மருந்தை நிறுத்திவிட்டார். மாசி முடிவதற்குள் மறுபடி ரத்தம். இன்னொரு முறை விட்டால் கல்யாணத்தன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருப்பீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

"அண்ணன்கிட்ட உள்ளதச் சொல்லிரு சாமி" என்றேன்.

"எதைன்னு சொல்றது, எங்கன்னு சொல்றது? திருட்டு வெலைக்கு வித்தான்னு பேரு வாங்கிட்டே போயிரலாமுங்க."

பங்குனித் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், கதவு மீண்டும் சாத்தப்பட்டது. நான் வெளியே காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். மூத்த பங்காளி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, உள்ள யாரு?"

"மச்சினர் தூங்கறாருங்க" என்றேன்.

"மெளகு காயறப்ப எவன் தூங்குவான்?" கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "டேய், நல்லாக் கேட்டுக்க. உம் மக கல்யாணத்துக்குத் தாம்பூலம் மாத்த நாங்க யாரும் வாரதில்ல. உள்ள இருக்கற வியாபாரியவே கூட்டிட்டுப் போ."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அசையவில்லை. அரை மணி இன்னும் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"அண்ணா, இங்க வியாபாரி யாருமில்ல. மருந்து வச்சிட்டுப் படுத்திருக்கேன். எந்திரிக்க முடியாது."

"மருந்தத் தின்னுட்டு எந்திரிச்சு வரவேண்டியதுதான?"

"திங்கற மருந்தில்லீங்கண்ணா."

"பின்ன எங்கடா வச்சிருக்க?"

அடுப்படிப் பக்கமிருந்து மச்சினரின் மனைவி பெருக்கிக்கொண்டிருந்த சீவக்கட்டையோடு வந்தார். அதை வாசலில் ஓங்கித் தட்டிவிட்டு, மருந்து இருக்கும் இடத்தை நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஏன் வைக்க வேண்டியிருக்கிறது, எத்தனை மாதமாக ரத்தம் போகிறது, வைக்காவிட்டால் கல்யாணத்துக்கு அப்பன் இருக்க மாட்டான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மூத்தவர் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கொஞ்ச நேரம் காயும் மிளகைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு கதவருகே போய்த் தணிந்த குரலில், "எந்தப் பக்கமாப் படுக்கோணும்?" என்றார்.

"எடப்பக்கம்."

"செரி, படு. நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து மத்தியான மருந்து தவறியதில்லை, மூத்தவர் தவற விடவில்லை. "தம்பி, கதவச் சாத்து" என்று வாசலிலிருந்து குரல் வந்துவிடும்.

வைகாசியில் பஸ் எங்கும் நிற்காமல் சேந்தமங்கலம் சேர்ந்தது. தாலி ஏறும்போது மச்சினர் மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றார். மத்தியானம் மண்டபத்தில் ஓர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நாற்காலி போட்டு மூத்த பங்காளி உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தி வந்தார். "ஏனுங்க, பொண்ணோட அப்பா எங்க? பந்திக்குக் கூப்புடலாம்னு வந்தனுங்க."

மூத்தவர் காலை நீட்டி வழியை இன்னும் கொஞ்சம் அடைத்துக்கொண்டார். "உள்ள வியாபாரிகிட்ட மெளகு வெல பேசிட்டிருக்கான். அரை மணி ஆகுமுங்க."

சம்பந்தி கடைக்காரர். உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன வெலைக்குங்க போகுது?"