எனக்கு வாசிக்க வராது

ஏழாம் வகுப்பு வரை நான் ஒரு கெட்டிக்காரக் கள்ளி. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அம்மாவையும் அண்ணையையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் என்னைக் கீழ் வகுப்புக்கு இறக்கிச் சின்னப்பிள்ளைகளோடு இருத்திவிடுவார்கள் என்று பயந்தேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு முட்டு வருத்தம். மாரி வந்தால் மூச்சு இழுக்கும். மற்றப் பிள்ளைகள் எழுத்துப் படித்த காலத்தில் நான் ஆசுபத்திரியில் மருந்துப் புகை பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து புத்தகத்தைப் பார்த்தால் எழுத்துகள் ஓரிடத்தில் நிற்கவில்லை. வருத்தக்காரப் பிள்ளை, போகப்போகச் சரிவரும் என்றார் அம்மா. வருத்தமே எனக்கு நல்ல சாட்டாயிற்று. வகுப்பில் வாசிக்கும் முறை நான் இருந்த வாங்குக்கு வந்தால் இருமத் தொடங்குவேன். ரீச்சர் பதறிப்போய்த் தண்ணீர் குடிக்க அனுப்புவார். அந்த இருமலுக்குப் போட்டி வைத்திருந்தால் மாகாணத்தில் முதலிடம் எனக்குத்தான். சோதனைகளில் பக்கத்துப் பிள்ளையின் தாள் கைகொடுத்தது.

பேச்சுப் போட்டி மட்டும் எனக்குத் தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை தானாகப் பேசுவதில்லை; ரீச்சர் எழுதித் தருவார், பிள்ளை பாடமாக்கி ஒப்புவிக்கும். அண்ணை இரண்டு தரம் வாசித்துக் காட்டினால் முழுப் பேச்சும் என் வாயில் வந்துவிடும். கூலியாக என் பங்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அவருக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் நானே முதல்.

அடுத்தது கரவெட்டியில் கோட்ட மட்டப் போட்டி. பாடமாக்கிய பேச்சு நாக்கு நுனியில் நின்றது. அங்கே போன பிறகுதான் ஒழுங்கு மாறியிருந்தது தெரிந்தது. மேடையில் ஒரு துண்டுக் கடதாசி எடுத்து, அதில் உள்ள தலைப்பில் உடனே பேச வேண்டும். போட்டி பற்றி வந்த கடிதத்தை ரீச்சர் சரியாகப் பார்க்கவில்லை. சில பிள்ளைகள் அழுதேவிட்டார்கள். எனக்கோ உடம்பெல்லாம் துள்ளியது. யாரோ எழுதியதையே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்திருந்தது. சொந்தமாகக் கதைக்க என்னிடம் எவ்வளவு இருந்தது!

அந்தத் துள்ளலில் துண்டை விரித்த பிறகுதான் மாட்டிக்கொண்டது விளங்கியது. எழுத்துகள் வழக்கம்போல அசைந்தன. மண்டபம் முழுக்க என்னையே பார்த்தது. ஒரு இருமல் போதும், ரீச்சர் ஓடிவந்து இறக்கிக்கொண்டு போய்விடுவார், மானமும் தப்பும். இருமல் தொண்டை வரை வந்தது. ஆனால் பேசாமல் இறங்க எனக்கு மனம் வரவில்லை. துண்டை நடுவரிடம் நீட்டினேன்.

"சேர், எனக்கு வாசிக்க வராது. நீங்கள் ஒருக்கால் வாசிச்சுச் சொன்னியள் எண்டால் நான் கதைப்பன்."

ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று சொன்னதால் கடைசி வாங்கு வரை கேட்டது. யாரோ சிரித்தார்கள். ரீச்சரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நடுவர் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு, எங்கள் ஊர்ச் சந்தை என்று வாசித்தார்.

சந்தையா! நெல்லியடிச் சந்தையில் அம்மா மீனுக்குப் பேரம் பேசுவதையும், வேண்டாமென்று நாலு அடி நடந்துவிட்டு, மீன்காரர் கூப்பிடும்வரை செருப்பைச் சரிசெய்வதுபோல நிற்பதையும் நடித்தே காட்டினேன். சிரித்தவர்களே கைதட்டினார்கள். மூன்றாம் இடம் கிடைத்தது. சந்தோசத்தில் மூச்சு வாங்கியது.

வீட்டுக்கு வந்ததும், ஊருக்கே சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய் என்று அம்மா அழுதார். மறுநாள் பள்ளிக்கூடத்தில், கீழ் வகுப்புக்குப் போகச் சொல்லுவார்கள் என்று நினைத்துப் புத்தகப்பையைக் கையிலேயே வைத்திருந்தேன். ரீச்சர் பையை வாங்கி என் மேசையிலேயே வைத்தார். தமிழ்ப் பாடத்தில் என்னை விட்டுவிட்டு அடுத்த பிள்ளையை எழுப்பினார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"நானும் வாசிக்கிறன், ரீச்சர்."

அவர் பக்கத்தில் வந்து, வரிக்குக் கீழே கோடு போடும் அடிமட்டத்தை வைத்துப் பிடித்தார். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி வாசித்தேன். பாடவேளை முடிவதற்குள் நாலு வரி முடிந்தது. அதுவரை வகுப்பில் ஒருவரும் புத்தகத்தை மூடவில்லை.