மாமா விட்டுப்போன பை

பினாங்கிலிருந்து மாமா கொண்டுவந்த சாமான்களில் எனக்குப் பிடித்தது அத்தர் பாட்டிலும் இல்லை, பூப்போட்ட கவுன் துணியும் இல்லை. இஞ்சி மிட்டாய் போட்டு வந்த பிளாஸ்டிக் பைதான். கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரிந்தது, கசக்கினால் உடையவும் இல்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் மீமிசலுக்கு வந்த முதல் பிளாஸ்டிக் பை எங்கள் வீட்டுப் பைதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை, ஆகவே உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

மிட்டாய் தீர்ந்ததும் தூக்கிப் போட்டுவிடச் சொன்னார் மாமா. அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். உம்மா நம்பவில்லை. தன் தம்பி கப்பலேறியதிலிருந்து நன்றாகப் புளுகக் கற்றுக்கொண்டான் என்று சொல்லிவிட்டு, பையைக் கழுவிக் கொடியில் போட்டாள்.

எனக்கு அந்தப் பை வேண்டும். அதில் தண்ணீர் ஊற்றி ஒரு மீன் குஞ்சை விட வேண்டும். கடற்கரையில் பிறந்து வளர்ந்தும், நீந்துகிற மீனை நான் மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். நீந்தும்போது அதன் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தாக வேண்டும். உம்மாவிடம் கேட்டேன். தின்கிற பண்டம் வைக்கிற பையில் மீனை விட்டால் ஏழு தண்ணி ஊற்றிக் கழுவினாலும் நாற்றம் போகாது என்றாள். நான் முந்தானையை விடவில்லை. கடைசியில், "கிழிஞ்சா எடுத்துக்க, போ" என்றாள். கிழிந்த பையில் தண்ணீர் நிற்காது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என்றைக்குக் கிழியும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

பெரியம்மா, அதாவது உம்மாவின் அக்கா, பக்கத்து வீடு. இரண்டு கொல்லைக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. அப்போது அந்தக் கதவு தாழிட்டுக் கிடந்தது. காரணம் ஒரு தேக்சா. விசேஷங்களுக்கு நெய்ச்சோறு ஆக்குகிற அந்தப் பெரிய செம்புப் பாத்திரம் இரண்டு வீட்டுக்கும் பொது. பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர் தெருவுக்கு வந்தபோது, பெரியம்மா தன் சட்டிகளோடு தேக்சாவையும் கொடுத்துத் தன் பெயரை வெட்டிக்கொண்டாள். உம்மா அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கே பெரியம்மா பெயர் வெட்டிய கிண்ணம், தட்டு எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து போயின. உம்மா பெயர் வெட்டியவை அங்கிருந்து வந்தன. எங்கள் பக்கம் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் வெறும் பாத்திரமாகத் திருப்பினார்கள். அதற்குமேல் சண்டை போட என்ன இருக்கிறது?

மாமாவுக்கு மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பாடு. ஒரு நாள் உம்மா சுட்ட அச்சுமுறுக்கைப் பையில் போட்டுக் கொறித்துக்கொண்டே பெரியம்மா வீட்டுக்குப் போனவர், மிச்சத்தைப் பையோடு அங்கேயே வைத்துவிட்டார். பிறகு லீவு முடிந்து கப்பலேறிவிட்டார். மறந்து வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள். பையைக் கழுவிக் காயவைத்து, அதில் வறுத்த கடலை போட்டிருந்தாள். "ஒங்க உம்மாவுக்குன்னு குடுக்கல. இது ஒங்க மாமா பை. வெறும் பையா குடுக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான் கடலை" என்றாள்.

உம்மா கடலையைக் கொட்டிக்கொண்டாள். ஆனால் பையை வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. தம்பி அக்கா வீட்டில் விட்டுப்போனது அங்கேதான் இருக்க வேண்டும், அடுத்தவர் நம்பி விட்டுவைத்த அமானிதம் நமக்கு எதற்கு என்றாள். அமானிதத்தை வெறுமனே அனுப்ப முடியுமா? அச்சுமுறுக்கு போட்டு அனுப்பினாள். பெரியம்மா அதே நியாயத்தைச் சொல்லிப் பொட்டுக்கடலை உருண்டை போட்டு அனுப்பினாள். இப்படியே பை போவதும் வருவதுமாக இருந்தது. கதவு தாழிட்டுக் கிடந்ததால் நான்தான் தெருவைச் சுற்றிப் போய்வர வேண்டும். இரண்டு வீட்டுப் பண்டத்திலும் எனக்குப் பங்கு உண்டு என்பதால் கால் வலிக்கவில்லை.

அந்தப் பைக்கு நடந்த உபசாரத்தைச் சொல்ல வேண்டும். உள்ளும் புறமும் திருப்பிச் சீயக்காய் போட்டுக் கழுவி, வெயில் படாமல் ஒரு முருங்கைக் குச்சியில் கவிழ்த்துக் காயவைப்பார்கள். என் தலைக்குக்கூட உம்மா அவ்வளவு பதமாகச் சீயக்காய் தேய்த்ததில்லை. காய்ந்த பையை நான் வெளிச்சத்தில் பிடித்து எங்காவது பொத்தல் தெரிகிறதா என்று பார்ப்பேன். பாழாய்ப்போன பை கிழியவே இல்லை.

மழைக்காலத்தில் பெரியம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்டது. இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று தயிர்க்காரி சொல்லிவிட்டுப் போனாள். உம்மா பூண்டும் வெந்தயமும் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். பித்தளைத் தூக்குச்சட்டியை எடுத்தாள். அதில் வெட்டியிருந்த தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடியும் வெறும் சட்டியாகத் திரும்பி வந்தால் அவளால் தாங்க முடியாது. சட்டியைப் பலகையிலேயே வைத்துவிட்டு, கஞ்சியைப் பையில் ஊற்றினாள்.

பிளாஸ்டிக்கின் குணம் எங்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் ஒழுகாத பைக்குக் கஞ்சி மட்டும் ஆகாதா என்ன! தெருவைச் சுற்றினால் ஆறிவிடும் என்று கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை உம்மாவே நீக்கினாள். நான் பையின் வாயைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பை கையிலேயே தளர்ந்து நீண்டது. நிலையைத் தாண்டும்போது அடி பிளந்து, அத்தனை கஞ்சியும் என் காலில் விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் இந்தப் பக்கமிருந்து உம்மா ஓடிவந்தாள். அந்தப் பக்கமிருந்து பெரியம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். ஒருத்தி தண்ணீர் ஊற்ற, ஒருத்தி ஊத, இரண்டு பேரும் என் காலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பிறகு பெரியம்மா கிழிந்த பையைப் பார்த்தாள்.

"கொதிக்கிற கஞ்சிய இதுலயா ஊத்துவாங்க? சட்டியில குடுத்துவிட்டா நான் வெறுஞ்சட்டியாவா அனுப்பப் போறேன்?"

"போன தடவ அனுப்புனீங்கள்ல லாத்தா" என்றாள் உம்மா.

லாத்தா என்றால் அக்கா. உம்மா வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. உம்மா உள்ளே போய், மிச்சக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றி எடுத்துவந்து, அக்கா குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். நான் எரிகிற காலோடு பையைச் சுருட்டி மடியில் ஒளித்துக்கொண்டேன். கிழிந்துவிட்டது. இனி என்னுடையது.

காய்ச்சல் விட்ட பிறகு பெரியம்மா தன் வீட்டில் என்னை உட்காரவைத்துக் காலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். அழுத பிள்ளைக்கு ஆறுதலாக அத்தா கரையிலிருந்து கொட்டாங்கச்சியில் ஒரு மீன் குஞ்சு பிடித்து வந்து கொடுத்தார். அத்தா என்றால் எங்களுக்கு அப்பா. அவர்தான் என் ஆசையை மறக்காதவர். பையின் கிழிந்த அடியைக் கையால் இறுக்கிக்கொண்டு, தண்ணீரையும் மீனையும் அதில் விட்டுத் தூக்கிப் பிடித்தேன். பார்த்துவிட்டேன்! உம்மென்று, எங்கள் கணக்கு வாத்தியார் மாதிரியே ஒரு முகம். மறுநிமிஷம் என் பாவாடை முழுக்கத் தண்ணீர். மீன் துள்ளியது. நான் ஊரைக் கூட்டினேன்.

பெரியம்மா கைக்கு எட்டியதை எடுத்து மீனைப் பிடித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பார்த்தால், எங்கள் வீட்டுக்குத் திருப்பித் தரக் கழுவி வைத்திருந்த தூக்குச்சட்டி. அதையே மூடி, என்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு, கொல்லைக் கதவு வழியாக எங்கள் அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

"இந்தா, வெறுஞ்சட்டி இல்ல" என்றாள்.

உம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். ஏழு தண்ணி ஊற்றினாலும் போகாத அந்த நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பித்தளைச் சட்டியில் மீனை விட்டால் முகம் எப்படித் தெரியும், இதற்குப் போய் என்ன சிரிப்பு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.