ஒட்டுத்தாடியும் அஸர் தொழுகையும்

விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த 1993-ல்தான் திண்டிவனத்தில் என் மைக்செட் கடையைத் திறந்தேன். இரண்டு ஆம்ப்ளிஃபயர், நான்கு புனல் ஸ்பீக்கர், ஒரு பெட்டி நிறைய கேசட். ஆடி பிறந்துவிட்டால் எனக்குக் கை ஒழியாது. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் கூழ் ஊற்றினாலும், எந்தத் தெருவில் காது குத்தினாலும், "மைக்செட் பாய்க்குச் சொல்லியாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்த அம்மனுக்கு எந்தப் பாட்டை எப்போது போட வேண்டும் என்று சில பூசாரிகள் என்னிடம் கேட்டதுண்டு. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இந்தத் தொழிலில் இருப்பவனுக்குச் சினிமாப் பைத்தியம் பிடிக்காமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு மேட்னிக்கு ஓடுவேன். அந்தக் காலத்துப் படங்களில் ஒரு பாய் கட்டாயம் இருப்பார். தலையில் தொப்பி, இடுப்பில் பச்சை பெல்ட், கண்ணில் சுர்மா. "நம்பள்கி நிம்பள்கி" என்று பேசுவார். கதாநாயகனின் தங்கச்சியைக் காப்பாற்றப் போய் இடைவேளைக்குள் குத்துப்பட்டுச் சாவார். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான். எனக்கு உருதுவில் ஒழுங்காகத் திட்டக்கூட வராது. ஆனாலும் அந்தப் பாய் செத்தபோதெல்லாம் அழுதிருக்கிறேன்.

பிறகு படங்கள் மாறின. பாய் சாவதை நிறுத்திவிட்டு ஊரைச் சாகடிக்க வந்தார். கையில் ஒரு பை, நெற்றியில் தொழுகைத் தழும்பு. அந்த மாதிரிப் படத்துக்குப் போனால், விளக்குப் போடுவதற்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிடுவேன். பக்கத்து சீட்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று கூச்சம். யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கூச்சம்தான் போகவில்லை. அதே சமயம், திரையில் ஒரு தடவையாவது என் முகம் வர வேண்டும் என்ற ஆசையும் போகவில்லை. வெட்கம் கெட்ட ஆசை.

கடை திறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கிளியனூர் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லில் ஷூட்டிங் போட்டார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்த மைக்செட் என்னுடையது. முதல் நாளே அசிஸ்டென்ட் டைரக்டர் ஒருவர் என் தோளில் கை போட்டார்.

"பாய், தொழுகை சீன் ஒண்ணு இருக்கு. உங்க ஆளுங்க ஒரு இருபது பேரைக் கூட்டிட்டு வாங்களேன். ஒரிஜினலா இருக்கணும்."

"இன்னா சீன் சார்?"

"ஹீரோ ஆஸ்பத்திரியில உயிருக்குப் போராடுறாரு. அவருக்காகத் தொழுறாங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே பள்ளிவாசலில் ஆள் பிடித்தேன். முதலில் கேட்டது கணக்கு வாத்தியாரை. நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு நடத்தி ரிட்டயர் ஆனவர். திண்டிவனத்தில் பாதிப் பேர் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள். "கண்டத எடுத்து வச்சிருவானுங்கடா" என்று தயங்கினார். "அப்பிடியெல்லாம் ஒண்ணும் ஆவாது சார், நான் பொறுப்பு" என்றேன். அவர் வருகிறார் என்றதும் ஈ.பி. லைன்மேன், பிரியாணி மாஸ்டர், லாரி ஷெட்காரர் என்று இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். மறுநாள் காலை என் மினி லாரியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

மில்லின் குடோனைப் பள்ளிவாசலாக மாற்றியிருந்தார்கள். மேற்குப் பக்கம் பழைய எந்திரங்கள் அடைத்துக் கிடந்ததால், இமாம் நிற்கும் மாடத்தைக் கிழக்குச் சுவரில் வரைந்துவிட்டார்கள். மேற்கே பார்த்துத் தொழுகிற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பிறகு மேக்கப். எல்லோருக்கும் தலையில் கம்பெனித் தொப்பி, கண்ணில் மை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தாயத்து. வாத்தியார் தினமும் மழமழவென்று சவரம் செய்கிறவர். அவருக்கு மார்பு வரைக்கும் ஒரு தாடியை ஒட்டினார்கள். மதியம் பிரியாணி போட்டார்கள். அதைப் பற்றி எங்கள் மாஸ்டர் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது.

சாப்பிட்டு முடித்ததும் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார் அசிஸ்டென்ட் டைரக்டர். எனக்கு ஒரு க்ளோசப்பாம், வசனம் வேறு.

"'நம்பள் ஆள் எல்லாம் ரெடி சாப்'னு சொல்லணும். எங்க, சொல்லுங்க பாய்."

"ஆளுங்கல்லாம் ரெடி சார்" என்றேன்.

"அப்படி இல்ல பாய். பாய் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசுங்க."

"முப்பத்தஞ்சு வருஷமா பாயாத்தான் சார் இருக்கேன். ஒரு நாள்கூட இப்பிடிப் பேசுனதில்ல."

அவர் பொறுமையாக எனக்கு என் பாஷையைக் கற்றுக்கொடுத்தார். நானும் நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். க்ளோசப் என்ற சொல்லுக்கு அவ்வளவு மயக்கம். எதற்கு ரெடி என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஷாட் வைக்கத் தாமதமாகிக்கொண்டே போனது. அதற்குள் பிற்பகல் தொழுகையான அஸருக்கு நேரம் வந்துவிட்டது. தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவுக்காக வாத்தியார் எழுந்து தண்ணீர் டிரம்மிடம் போனார். "பசை இருந்தா தோல்ல தண்ணி படாது, ஒளு சேராது" என்று சொல்லி, ஒட்டிய தாடியைப் பட்டென்று உரித்துப் பக்கத்தில் நின்ற மேக்கப்காரர் கையில் கொடுத்தார். நாங்களும் தாயத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கால் முகம் கழுவினோம். பாய் விரித்திருந்த இடம் வேறு எது? அந்த செட்தான். வரைந்து வைத்த மாடத்துக்கு முதுகைக் காட்டி, எல்லோரும் மேற்கே பார்த்து நின்றோம். முன்னால் வாத்தியார். வரிசையில் லைன்மேன், அவருக்குப் பக்கத்தில் நான். எங்களுக்கு எதிரே, எந்திரங்களுக்கு நடுவில் கேமரா.

கேமரா ஓட ஆரம்பித்ததை நான் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் இருக்கும்போது கேட்டேன். சத்தத்தோடு பிழைக்கிறவன் காது, ஏமாறாது. ஆனால் தொழுகையை நடுவில் விட முடியுமா? கொஞ்ச நேரத்தில் "கட்" என்று குரல் வந்தது. யாரும் நகரவில்லை. "கட், கட்" என்று என் மைக்கிலேயே கத்தினார்கள். வாத்தியார் அடுத்த ரக்அத்துக்கு நிதானமாக எழுந்தார், நாங்களும் எழுந்தோம். அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. லைட்பாய்கள், டிரைவர்கள், வேடிக்கை பார்க்க வந்த கிளியனூர் ஜனங்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். நான்கு ரக்அத் முடிந்து சலாம் கொடுக்கும் வரை ஒரு சினிமாக் கம்பெனி மொத்தமும் எங்களுக்காகக் காத்திருந்தது. அந்த அமைதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

தொழுது எழுந்ததும் இரண்டு பேர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தார்கள். உள்ளே மரத்துப்பாக்கிகள். ஒவ்வொரு தொழுகைப் பாய்க்கு அடியிலும் ஒன்று வைப்பார்களாம். நாங்கள் தொழுதுவிட்டு அதை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டுமாம். எதற்கு ரெடி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

வாத்தியார் கோபப்படவில்லை. "தொழுத பாய்க்குக் கீழ கட்டையக்கூட வைக்க வுட மாட்டோம் தம்பி" என்றார். தொப்பிகளை அடுக்கி வைத்துவிட்டு எல்லோரும் லாரியில் போய் ஏறிக்கொண்டார்கள்.

"க்ளோசப்பாவது குடுத்துட்டுப் போங்க பாய்" என்றார் அசிஸ்டென்ட் டைரக்டர்.

"எனக்கு அந்தப் பாஷ வராது சார்" என்றேன். ஸ்பீக்கர்களைக் கழற்றினேன். "நாங்க தொழுததை எடுத்தீங்க, எனக்குக் கேட்டுச்சு. அதப் போடாதீங்க." அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். நம்பினேன்.

படம் வந்தது. திண்டிவனத்தில் முதல் நாள் மேட்னிக்குத் தனியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இடைவேளை தாண்டியதும் எங்கள் தொழுகை வந்தது, மேற்கே பார்த்த எங்கள் முகங்களோடு. பின்னணியில் ஏதோ பயங்கரமான இசை. அடுத்த ஷாட்டில், வேறு எங்கோ எடுத்த யாருடைய கைகளோ பாயை விலக்கித் துப்பாக்கியை எடுத்தன. நான் பொறுப்பு என்று சொல்லி அழைத்துப்போனவன் நான்தானே.

அப்போது முன் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், நம்ம கணக்கு வாத்தியாருடா!"

தியேட்டரே விசிலடித்தது. "லைன்மேன் பாய் நிக்கிறாரு பாரு", "அதோ மைக்செட்டு" என்று ஆளுக்கு ஒரு பக்கம் சத்தம். துப்பாக்கி வந்ததும், "வாத்தியாருக்கு எதுக்குடா அது, பிரம்பு போதும்" என்றான் இன்னொருவன். சிரிப்பு அடங்கவே இல்லை. அந்தப் பயங்கரமான இசை யாருக்கும் காதில் விழவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த மாதிரிப் படத்தில் விளக்குப் போடும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். படம் பார்த்தவர்கள் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். என் ஊர் என்று அன்றைக்குச் சொன்ன மாதிரி நான் என்றைக்கும் சொன்னதில்லை.

நேரே வாத்தியார் வீட்டுக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "விழுப்புரத்துலயும் ஓடுதாமே? அங்க என்னை எவனுக்குடா தெரியும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

மறுநாள் பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். அங்கேயும் மேட்னி, பாதி கூட்டம். தொழுகை வந்தது. ஒருவரும் விசிலடிக்கவில்லை. இசை மட்டும் பெரிதாகக் கேட்டது. வாத்தியாரின் முகம் திரை நிறைய நின்றது. பின்னால் யாரோ, "பாத்தியா, தொழுதுக்கினே என்னா வேல பண்றானுங்க" என்றார்.

எழுந்து நின்றேன். மைக் இல்லாமல் பேசிப் பழக்கம் இல்லாதவன். ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

"முன்னால நிக்கிறவரு திண்டிவனத்துல கணக்கு வாத்தியாருங்க. பக்கத்துல லைன்மேன். அவருக்குப் பக்கத்துல நானு. நாங்க நெசமாவே தொழுதோம். துப்பாக்கி எடுத்த கை எங்களுது இல்ல."

"உக்காருப்பா, மறைக்குது" என்று ஒரு குரல் வந்தது. வேறு யாரோ சிரித்தார்கள். வெளியே போகாமல் என் இடத்திலேயே உட்கார்ந்தேன். பக்கத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த பெரியவர் திரையை ஒரு தடவை பார்த்தார், என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா, நீங்கதான்" என்றார். "அந்த வாத்தியாரு எந்த ஸ்கூலுங்க?"

சொன்னேன்.