ஜன்னலுக்கு வெளியே காய்ந்த நெல்

திருக்காட்டுப்பள்ளி பக்கத்துக் கிராமம் ஒன்றில் விதைக்கும் முன் செய்யும் விதைநேர்த்தி பற்றிப் பேசப் போயிருந்தேன். நான் வேளாண் அலுவலர். கையில் நான்கு பக்கக் குறிப்பு. கூடத்திலிருந்த விவசாயிகளோ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க கவனிங்க!" என்று மைக்கில் அதட்டினேன்.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "கோவிச்சுக்காதீங்க சார். ரோட்டுல நெல்லு காயுது, வானம் இருட்டிக்கிட்டு வருது."

வெட்கமாகிவிட்டது. குறிப்பைப் போட்டுவிட்டு அவர்களோடு ஓடினேன். நெல்லைக் குவித்தோம். தார்ப்பாயின் ஒரு முனையை நானும் பிடித்து இழுத்து மூடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

நனைந்தபடியே கூடத்துக்குத் திரும்பினோம். கரண்ட் இல்லை. அந்த அம்மா நாற்காலியை என்னருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க சார்."

குறிப்பில்லாமல் ஐந்து நிமிடம்தான் பேசினேன். அவர்கள் கேள்விகள் ஓய ஒரு மணி நேரமானது.

இப்போதெல்லாம் மைக்கைத் தொடுமுன் ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்கிறேன்.