ஐந்து நிலைப் பிறஸ்

மனைவி காலமாகி எட்டாம் மாதம் நான் ஒரு புதுப் பிறஸ் வாங்கினேன். துவக்கில் சுட்டு முடிந்த ரவைக் கோதுகளைத் திரும்ப நிரப்புகிற இயந்திரம். வோபர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. பழையது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். ஐம்பது கோதிலும் அடியில் பொறி தருகிற பழைய கப்பைத் தட்டி எடுத்துப் புதியது வைத்து, பிறகு ஐம்பதுக்கும் வெடிமருந்து போட்டு, பிறகு ஐம்பதுக்கும் குண்டு வைத்து அமத்த வேண்டும். புதியதில் கோதுகள் ஒரு வட்டத் தட்டில் நிலைக்கு நிலை சுற்றி வரும், நிலைக்கு ஒரு வேலை. கைப்பிடியை ஒருக்கால் இழுத்தால் எல்லா வேலையும் சேர்ந்து நடந்து ஒரு முழு ரவை வந்து விழும்.

என்னை முதலில் சுட்டுப் பழகுகிற றேஞ்சுக்குக் கூட்டிப் போனவன், பிறம்ரன் வெயார்ஹவுசில் என்னோடு வேலை செய்த மன்னார்த் தம்பி. "ஊரில துவக்குக்குப் பயந்து ஓடினம். இஞ்ச காசு கட்டிச் சுடுறம், என்னண்ணை?" என்று சிரிப்பான். முறையாக லைசென்ஸ் எடுத்து, சனிக்கிழமைகளில் கடதாசியைப் பார்த்துச் சுடுவோம். மனைவிக்கு அது பெரிய பகிடி.

"கடதாசியில ஓட்டை போட ஒரு ஊசி காணாதே, என்னப்பா?" என்பா.

ஆனாலும் மருந்து போட்ட கோதுகளை அவவிடம்தான் கொடுப்பேன். டோர்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்ப்பா. "ஓம், எல்லாத்திலயும் கிடக்கு" என்ற பிறகுதான் குண்டு வைப்பேன். மருந்து விழாத கோதில் கப் மட்டும் வெடிக்கும், குண்டு பாதி வழியில் குழலுக்குள் இறுகி நிற்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்து கையோ கண்ணோ போய்விடும்.

கடையில் நாலு நிலைப் பிறஸ் ஒன்றும் ஐந்து நிலைப் பிறஸ் ஒன்றும் இருந்தன. உங்களுக்கு நாலு போதும் என்றார் கடைக்காரர். ஐந்து எடுத்தால் மூன்றாம் நிலையில் ஒரு சாமான் பூட்டலாம், மருந்து குறைந்தால் அது பீப் அடிக்கும் என்றும் சொன்னார்.

நான் ஐந்தை எடுத்தேன். காரணம் சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கிறது. நமசிவாய. ஐந்து எழுத்து, ஐந்து நிலை. வேலையும் செபமும் ஒன்றாய் நடக்கட்டும் என்று நினைத்தேன். பீப் அடிக்கிற சாமானை வேண்டாம் என்றேன். செபத்துக்கு நடுவில் சத்தம் கூடாது என்பது என் எண்ணம். மூன்றாம் நிலை வெறும் துவாரமாகவே இருந்தது.

காலையில் மேலே சாமி அறையில் விளக்கு வைப்பேன். திருநீறு பூசிக்கொண்டு கீழே இறங்குவேன். ஒரு இழுவைக்கு ஒரு நமசிவாய. நூற்றெட்டு முடிந்தால் எழும்புவேன். வேறொன்றும் யோசிக்கத் தேவையில்லை. கை இழுக்கும், வாய் சொல்லும். மகள் போன் எடுத்து, "அப்பா, ஆர் யூ ஓகே? சாப்பிட்டீங்களா?" என்பாள். ஓம் என்பேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. சாமி எனக்கு நிம்மதி தந்துவிட்டார் என்று நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை என் ரவைகளில் ஒரு பெட்டியைத் தம்பிக்குக் கொடுத்தேன். அவன் ஏழோ எட்டோ சுட்டிருப்பான். பிறகு "பொக்" என்று ஒரு சின்னச் சத்தம். விரலை எடுத்துவிட்டு, துவக்கை இலக்குப் பக்கமே பிடித்தபடி அப்படியே நின்றான். றேஞ்ச் பொறுப்பாளர் வந்து குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தார். கம்பி பாதியில் நின்றது.

"மாதாவே" என்று தம்பி சிலுவை போட்டுக்கொண்டான். "இன்னொருக்கா இழுத்திருந்தா என்ர முகத்துக்குக் கிட்டவெல்லோ அண்ணை. எனக்கு ரெண்டு பிள்ளையள்."

"ஓம். என்ர பிழைதான்" என்றேன்.

என் கையைப் பார்த்தான். "உங்கட கை கூட நடுங்கேல்லையே அண்ணை" என்றான். கோபத்தில் சொல்லவில்லை.

கையைப் பார்த்தேன். மேசையில் வைத்த சாமான் மாதிரிக் கிடந்தது. அவனுக்கு ஏதும் நடந்திருந்தாலும் இப்படியே நின்றிருப்பேனோ என்று தோன்றியது. அதுகூடத் தூரத்தில் யாருக்கோ தோன்றின மாதிரித்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்குப் போய் அந்தப் பீப் அடிக்கிற சாமானை வாங்கினேன். பேஸ்மென்டில் உட்கார்ந்து, நிரப்பி வைத்த ரவைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றத் தொடங்கினேன். அதற்கென்று ஒரு சுத்தியல் இருக்கிறது. தட்டினால் குண்டு கழன்று மருந்து கொட்டும். அன்றைக்கு மந்திரம் சொல்லவில்லை. எண்ணவுமில்லை. தட்டுவதும் பார்ப்பதுமாக இருந்தேன். மருந்து, மருந்து, மருந்து.

இரண்டாவது பெட்டியில் ஒன்றைத் தட்டினேன். குண்டு மட்டும் விழுந்தது. மேசை லாச்சியில் அவவின் டோர்ச் கிடந்தது. எடுத்து அந்தக் கோதுக்குள் அடித்துப் பார்த்தேன். அடி பளிச்சென்று தெரிந்தது. ஒன்றுமில்லை.

அப்போதுதான் கை நடுங்கத் தொடங்கியது. நெடுநேரம் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.