‘ரெண்டு வாரம் இருந்ததே’ என்று கேட்ட மேனேஜருக்கு

அமுதாவின் ஓட்டைக் கெடுத்தது நீங்கள்தான், சந்திரமௌலி சார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. போன மாதம் சங்கத்து மேடையில் மைக்கைப் பிடித்து, "நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு வாரம் டைம் குடுத்தாலும் ஓட்டுப்போட வரமாட்டாங்க, அவ்ளோ சோம்பேறிங்க" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் எழுதித்தாருங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொரு வருடம் போர்டு செய்தவளிடம் எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். இப்போது இருக்கிறது. உங்களுக்கு மட்டுமல்ல, மலர் படிக்கிற எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1. எங்கள் லைன்

அமெரிக்காவில், டெக்சஸ் ரிச்சர்ட்சனில், டெலிபோன் ஸ்விட்சுக்கு சர்க்யூட் போர்டு செய்கிற பிளான்ட். பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. 1990-ல் டச்-அப் ஆபரேட்டராகச் சேர்ந்தேன், மெஷின் விட்ட பற்றவைப்பைக் கையால் சரிசெய்கிற வேலை. கையில் சோல்டரிங் அயர்ன், மணிக்கட்டில் போர்டுக்கு ஸ்டாட்டிக் ஏறாமலிருக்க ஸ்ட்ராப், எட்டு மணி நேரம் குனிந்த தலை. 2000-ல் நான் லைன் லீட். ஆர்டர் குவிந்து கிடந்த காலம். எட்டு மணி நேரம் பன்னிரண்டு ஆகிவிட்டது. காலை ஆறு முதல் மாலை ஆறு. சனிக்கிழமையும் கட்டாயம்.

லைனில் என்னையும் சேர்த்து ஏழு தமிழ்ப் பெண்கள் சிட்டிசன். அதில் புதியவள் அமுதா. சிவகாசிப் பக்கம். அந்த வருடம் ஜூனில்தான் சிட்டிசன் உறுதிமொழி எடுத்தாள். முப்பத்தெட்டு வயது வரை அவள் ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை. போகாமல் இல்லை. ஊரில் முதல் தேர்தலுக்குப் பள்ளிக்கூடத்துப் பூத்துக்குப் போனாள். "உன் ஓட்டு விழுந்தாச்சும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேர்தலுக்கு விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். அதற்குள்ளும் யாரோ அவள் பெயரில் போட்டிருந்தான். மூன்றாவது தேர்தல் வருவதற்குள் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டாள்.

"அக்கா, இந்தத் தடவ எவன் என் பேர்ல போடறான்னு பாத்துர்றேன்" என்று லஞ்ச் ரூமில் சவால் விடுவாள். வோட்டர் கார்டை பேட்ஜோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். செப்டம்பரிலிருந்தே!

2. ஒண்ணா போவோம்

டெக்சஸில் தேர்தலுக்கு முன்னாலேயே இரண்டு வாரம் ஓட்டுப்போடலாம். எர்லி வோட்டிங். பிளான்ட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஊர் ரிக்ரியேஷன் சென்டர். அங்கேயே பூத்.

எங்கள் பெஞ்சில் வியட்நாம்காரி லான் முதல் நாளே டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்குப் போன வழியில் போட்டுவிட்டு வந்தாள். "டென் மினிட். ஃபினிஷ். கோ ஹோம், குக்" என்றாள். லைனில் இருந்த வியட்நாம், மெக்சிகோ பெண்கள் ஒவ்வொருத்தியாக, கிடைத்த நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் போய்ப் போட்டுவிட்டார்கள்.

நாங்கள் அப்படிச் செய்வோமா? கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஒரு வேன் நிறைய ஆள் வேண்டும். "ஒண்ணா போவோம்" என்று சொன்னது நான்தான். அந்தத் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வாரம் பூத் ஐந்து மணிக்கே மூடியது, எங்கள் ஷிப்ட் ஆறு வரை. முடியவில்லை. ஞாயிறு திறந்திருந்தது. அன்றைக்குச் சங்கத்தில் தீபாவளி விழா, பாதிப்பேர் அடுப்பில் நின்றோம். அதுவும் எங்கள் தப்பு. இரண்டாவது வாரம் ஏழு வரை திறந்திருந்தது. திங்கள், எங்கள் ஏழு பேரில் ஒருத்தியான பத்மாவின் பிள்ளையை டேகேரிலிருந்து கூப்பிட ஆள் இல்லை.

செவ்வாய் போகலாம் என்றேன்.

"செவ்வாக்கெழமையா? மொத மொதல்ல போடறது, வேணாங்க்கா" என்றாள் கஸ்தூரி.

"அடியேய், எலக்ஷனே செவ்வாக்கெழமதான்டி!"

"அதான் இந்த நாடு இப்டி இருக்கு."

அமுதாவுக்கு வேறு கவலை. "பெட்டி இத்தன நாள் கெடக்குமேக்கா? எங்க ஊர்ல ஒரு நாளே தாங்காது."

லான்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னாள். சீல் வைக்கிறார்கள், ஆள் காவல் இருக்கிறார்கள் என்று கையால் பூட்டிக் காட்டினாள். அமுதா தலையாட்டினாள். புதன், கஸ்தூரி மகளுக்குக் காய்ச்சல். வியாழன், கன்வேயர் மக்கர். கடைசியில் வெள்ளிக்கிழமை என்று முடிவானது. எர்லி வோட்டிங்கின் கடைசி நாள். கணவன்மார் எல்லோருக்கும் சொல்லி, டேகேர் ஏற்பாடு செய்து, என் வேனில் பெட்ரோலும் போட்டு வைத்தேன்.

3. வெள்ளிக்கிழமை, 5.40

எல்லோரும் ஸ்ட்ராப்பைக் கழற்றப்போகிற நேரத்தில் புரொடக்ஷன் மேனேஜர் சந்திரமௌலி சார் லைனுக்கு வந்தார். சட்டையில் ‘ஓட்டுப் போட்டுவிட்டேன்’ ஸ்டிக்கர். மத்தியானம் லஞ்சுக்கு வெளியே போனவர் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ராஜி, யாரும் கிளம்ப வேணாம். நாப்பது போர்டு ரீவொர்க். ஹாட் ஷிப்மென்ட். இன்னிக்கே டிரக் ஏறணும்."

"சார், இன்னிக்குக் கடைசி நாள். ஏழு மணிக்கு மூடிருவாங்க."

"எதுக்குக் கடைசி நாள்?"

"ஓட்டுக்கு. உங்க சட்டையில ஒட்டியிருக்கே, அதுக்கு."

கோபப்படவில்லை. சிரித்தார். "ட்யூஸ்டே இருக்கே ராஜி. அதுதான் மெயின் டே. அன்னிக்குப் போட்டுக்கலாம்."

அந்த வார்த்தையை இரண்டு தடவை சொன்னார். ஏழு பேரும் கேட்டோம். மறுபடி ஸ்ட்ராப்பை மாட்டினோம். கடைசி போர்டு முடிந்தபோது ஏழு பத்து.

திங்கட்கிழமை காலை அவர் கேபினுக்குப் போனேன். "சார், நாளைக்கு நாங்க ஏழு பேரும் நாலு மணிக்குக் கிளம்பறோம். ஓட்டுப்போட."

"ஏழு பேரா? லைன் நின்னுடும்."

"நீங்கதான சொன்னீங்க, ட்யூஸ்டே இருக்குன்னு."

"ராஜி, ரெண்டு வாரம் இருந்ததே! கவர்ன்மென்ட் ரெண்டு வாரம் கதவத் தொறந்து வச்சான். ஒரு நாளா, ரெண்டு நாளா? போகாதது உங்க தப்பு. அதுக்கு என் அவுட்புட்ட கேக்கறீங்க."

"எலக்ஷன் டேல ஓட்டுப்போட விடணும்னு சட்டம் இருக்கு சார்."

"அப்ப எச்.ஆர். கிட்ட பேசுங்க."

எச்.ஆர். அம்மா டிரெய்னிங்குக்கு ஆஸ்டின் போயிருந்தாள். புதன்கிழமைதான் வருவாள்.

4. டிராஸ்

வேவ் சோல்டர் மெஷினில் உருகின ஈயம் அலைபோல் எழும்பும். போர்டு அதன்மேல் போகும். ஓட ஓட மேலே கசடு கட்டும், டிராஸ் என்போம். அதை அள்ளிச் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம் லைனை நிறுத்தவேண்டும். எப்போது நிறுத்துவது என்று ஷெட்யூல் இருக்கும். ஆனால் கசடு தொட்டியில் போட்டிருக்கிற மார்க்கைத் தாண்டினால் லைன் லீட் தானே நிறுத்தலாம், யாரையும் கேட்கவேண்டியதில்லை. எனக்கு அந்த அதிகாரம் இருந்தது.

ஓவர்டைம் வெறியில் இரண்டு வாரமாகச் சுத்தம் செய்யவே விடவில்லை. புதன்கிழமைக்கு எழுதியிருந்தது. செவ்வாய் மாலை நான்கு மணிக்கு நானே கரண்டியை விட்டுப் பார்த்தேன். மார்க்குக்கு ஒரு விரற்கடை மேலே. பொய் எழுதவேண்டிய அவசியமே இல்லை! லாக் ஷீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தேன். சிவப்பு பட்டனை அழுத்தினேன். பத்து வருடத்தில் அந்த பட்டனை அத்தனை சந்தோஷமாக அழுத்தியதில்லை.

மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் மார்க்கோஸ் என்னையும் பார்த்தான், கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கிற ஆறு பேரையும் பார்த்தான். "வெரி டர்ட்டி" என்றான். "மே பி த்ரீ அவர்ஸ்."

டைம்கார்டில் பஞ்ச் அவுட் செய்துவிட்டு ஓடினோம். நிஜமாகவே ஓட்டம். பார்க்கிங்கில் கஸ்தூரியின் செருப்பு கழன்று, கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். "செவ்வாக்கெழமடி!" என்று பத்மா கத்தினாள். வேனே குலுங்கச் சிரித்தோம்.

வேனுக்குள் கார்டுகளைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. எர்லி வோட்டிங்கில் கவுன்டிக்குள், அதாவது மாவட்டத்துக்குள், எங்கே இருப்பவரும் எந்தப் பூத்திலும் போடலாம். தேர்தல் நாளன்று அப்படி இல்லை. அவரவர் முகவரிக்கு எந்தப் பூத்தோ அங்கே மட்டும். ஏழு பேருக்கு மூன்று இடம். ஐந்து பேருக்கு ஒரு பள்ளிக்கூடம், கஸ்தூரிக்கு ஃபயர் ஸ்டேஷன். அமுதா ஆகஸ்டில்தான் வீடு மாறியிருந்தாள், கார்டில் பழைய முகவரி. அவள் பூத் பழைய வீட்டுப் பக்கம், மெஸ்கீட் என்ற ஊரில் ஒரு சர்ச். 635 ஃப்ரீவேயில் போகவேண்டும், அதுவும் ஆபீஸ் விடுகிற நேரத்தில்.

"மொதல்ல மெஸ்கீட் போயிரலாம்" என்றேன்.

"வேணாங்க்கா. ஒரு ஓட்டுக்காக ஆறு ஓட்டு போயிரும். பக்கத்துல இருக்கவங்க முடிங்க. நான் கடைசியாப் போட்டுக்கறேன்."

சரி என்றேன். பள்ளிக்கூடத்தில் வரிசை ஜிம்முக்கு வெளியே வளைந்து பஸ் நிற்கிற இடம் வரை. ஒரு மணி நேரம் ஆனது. ஃபயர் ஸ்டேஷனில் கஸ்தூரிக்கு இருபது நிமிடம். அங்கிருந்து கிளம்பும்போது ஆறு. மற்றவர்களை வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றேன். ஒருத்தியும் இறங்கவில்லை.

635-ல் ஏறினோம். ஒரு லேனில் ஆக்ஸிடென்ட். ஊர்ந்தோம். ஆறரை. ஆறே முக்கால். பத்மா சாமி பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஏழு மணிக்குள்ள வரிசைல நின்னாப் போதும், போட விடுவாங்க" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். எக்ஸிட்டில் இறங்கும்போது ஆறு ஐம்பத்தெட்டு. இரண்டு சிக்னல். இரண்டுமே சிவப்பு.

சர்ச் வாசலில் நிறுத்தியபோது ஏழு நான்கு. அமுதா வேன் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினாள். கதவருகே ஒரு வெள்ளைக்கார அம்மா, பூத் ஜட்ஜ், கையில் சாவி. வரிசை முடிந்துவிட்டது, விதி இது, என்னால் முடியாது என்றாள். திமிராகச் சொல்லவில்லை. அவள் கண்ணும் கலங்கியது.

அமுதா கெஞ்சவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "மை நேம், ப்ளீஸ் சீ. சம்படி வோட்டட்?"

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. நான் விளக்கினேன். உள்ளே போய் லிஸ்ட்டை எடுத்துவந்து, பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துக் காட்டினாள். அமுதாவின் பெயர். எதிரே கையெழுத்துக் கட்டம்.

"காலியா இருக்குக்கா," என்றாள் அமுதா. "யாரும் போடலக்கா!"

ஓட்டு போன ஆத்திரத்தில் நான் நிற்கிறேன். அவள் அந்த வெறுங்கட்டத்தைப் பார்த்து உற்சாகமாக இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வேனுக்கு வந்துவிட்டேன்.

5. பிறகு

மறுநாள் எனக்கு வார்னிங் லெட்டர் வந்தது. லைனைச் சொந்தக் காரணத்துக்கு நிறுத்தியதாக. லாக் ஷீட்டைக் காட்டினேன். மார்க்கோஸும் வந்து சொன்னான். லெட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

2001 மார்ச்சில் ஆர்டர் படுத்தது. எங்கள் லைனையே மொத்தமாக வேலையை விட்டு அனுப்பினார்கள். மே மாதம் ஊர்த்தேர்தல். எர்லி வோட்டிங் தொடங்கிய முதல் நாள் காலை எட்டேகாலுக்கு அமுதாவிடமிருந்து போன். "அக்கா, போட்டுட்டேன்! ரிக்ரியேஷன் சென்டர்ல நான் ஒருத்திதான். ஒரு ஈ காக்கா இல்ல. பூத்ல இருந்த தாத்தா எழுந்து நின்னு தேங்க்ஸ் சொன்னார்க்கா!" மூச்சு வாங்கியது அவளுக்கு. எனக்கும்தான். கத்திவிட்டேன், பக்கத்து அபார்ட்மென்ட்காரி கதவைத் தட்டுகிற அளவுக்கு.

போனை வைத்தபிறகுதான் உறைத்தது. அவளுக்கு ஓட்டுப்போட நேரம் கிடைத்தது வேலை போனதால்.

இளையவர்கள் கேட்கிறார்கள், எர்லி வோட்டிங்கால் ஓட்டுப்போடுவது சுலபமாகிறதா என்று. ஆகிறது. வீட்டுக்கு எட்டாத பூத் வேலைக்குப் பக்கத்தில் கிடைக்கிறது. வரிசை இல்லை, ஒரு நாள் தவறினால் மறுநாள் இருக்கிறது. ஆனால் உங்கள் டைம்கார்டு இன்னொருத்தர் கையில் இருந்தால், அந்த இரண்டு வாரமும் அவருடைய இரண்டு வாரம்தான். அதனால் முதல் நாளே போங்கள். தனியாகப் போங்கள். ஒண்ணா போவோம் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கேட்காதீர்கள். நீங்கள் சூபர்வைசராக இருந்தால், முதல் வாரத்திலேயே நேரம் எழுதி ஆட்களை அனுப்புங்கள். நான் அதைக் கேட்டு வாங்கியிருக்கவேண்டும். செய்யவில்லை.

என் தப்பைச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை, சார்.

லே-ஆஃப் அன்று அட்டைப்பெட்டியோடு வரிசையில் நின்றபோது ஷிப்பிங்கில் வேலை செய்தவர் எனக்கு ஒன்று சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை டிரக் ஐந்து மணிக்கே போய்விட்டது. அடுத்த டிரக் திங்கட்கிழமை. நாங்கள் ஏழு பத்து வரை செய்த நாற்பது போர்டும் லாரி ஏற்றுகிற டாக்கிலேயே கிடந்தன. டிரக் போன செய்தி உங்களுக்கு ஐந்தேகாலுக்கே வந்துவிட்டது என்றார்.

தெரிந்திருந்தும் எங்களை ஏன் நிறுத்தினீர்கள்? போனில் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டு காபி வாங்கிக் கொடுத்தும் வேண்டாம். இதே மலரில், உங்கள் பெயர் போட்டு, அமுதா படிக்கும்படி பதில் எழுதுங்கள்.