நூற்று இருபத்திரண்டாம் எண்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் 'அப்புறம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் "பாத்துட்டு அப்புறம் சொல்றேன்" என்பார். சரிபார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். பரிசோதனைக்கூடத்தில் மோசமான முடிவு வந்தால், அதை உடனே டாக்டருக்குக் கொண்டுபோகும் கணினி சர்வரைக் கட்டி மேய்த்தது அவர்தான். நல்ல முடிவுகள் மெதுவாகக் காகிதத்தில் போகும்.

சர்வரின் பழைய சேமிப்புப் பெட்டி நிரம்பினால் இருபத்தெட்டு என்று ஒரு பிழை எண் கொடுக்கும். இடமில்லை என்று பொருள். சர்வர் மென்பொருளும் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். பிறகு புதுப் பெட்டி வந்தது. அதில் ஒவ்வொரு பிரிவுக்கும் இடத்தைப் பங்கு பிரித்துவிட்டார்கள். பங்கு தீர்ந்தால் அது சொல்லும் எண் நூற்று இருபத்திரண்டு. மென்பொருள் அந்த எண்ணைக் கண்டதே இல்லை. தெரியாத எண் வந்தால் ரிப்போர்ட்டே பழுது என்று முடிவுகட்டி, தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். எழுதினவனை என்ன சொல்ல! தெரியாவிட்டால் ஒரு சத்தமாவது போட வைத்திருக்கக் கூடாதா, பாவி!

நம்மவர் சோதிக்காமல் விடவில்லை. வேண்டுமென்றே பெட்டியை நிரப்பிப் பார்த்தார். ஆனால் பழக்கதோஷத்தில் நிர்வாகியின் கணக்கில் நுழைந்து நிரப்பினார். நிர்வாகிக்கு ஏது பங்கு, ஏது வரம்பு? பெட்டி முழுக்க நிரம்பி, அதே பழைய இருபத்தெட்டு வந்தது. எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

கொஞ்ச நாளில் அக்காவுக்கு மார்பில் கட்டி. அம்மா இல்லாத வீட்டில் இவரை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, "மோசமா இருந்தா நானே கூப்பிடறேன். இல்லைன்னா கவலையே படாதீங்க" என்றார் டாக்டர். கூப்பிடவில்லை. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"என்னடா, ஏதாவது வந்துச்சா?"

"சர்வர்லயே பாத்துட்டேன்க்கா. ஒண்ணுமே வரல. நிம்மதியா இரு."

மாதங்கள் போயின. நல்ல முடிவென்றால் வரவேண்டிய காகிதமும் வரவில்லையே என்று அக்காவும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. ஒரு நாள் வேறொரு டாக்டர், தன் நோயாளியின் ரிப்போர்ட் எங்கே என்று வந்து கத்தினார். இவர் சர்வரின் பதிவுகளைத் திறந்தார். வரிசையாகப் பன்னிரண்டு இடத்தில், நூற்று இருபத்திரண்டு என்ற எண். பரிசோதனைக்கூடத்துக்கு ஓடி மூலப் பிரதிகளைத் தேடச் சொன்னார். அவற்றில் அக்காவின் பெயரும் இருந்தது. புற்றுநோய்.

அன்றே அக்காவை அழைத்துவந்து ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல்வரை பரவியிருந்தது.

நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னார். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள்.

"உன் வேலைக்கு ஏதாவது ஆகுமாடா?"

"அக்கா..."

"யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. நான்தான் லேட்டா வந்தேன்னு சொல்லிடறேன். ஆனது ஆச்சு."

அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"முடியாதுக்கா. உன்னை மாதிரி இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. அவங்களும் வீட்ல நிம்மதியாத்தான் இருக்காங்க."